பிரெஞ்சு வாக்கியம்: எங்கே ஆங்கிலம் போல, எங்கே தமிழ் போல

பிரெஞ்சும் ஆங்கிலமும் ஒரே 26 எழுத்துகளைக் கொண்டவை. பிறப்பு மட்டும் வேறு. ஆங்கிலம் ஜெர்மானியக் கிளையைச் சேர்ந்தது. பிரெஞ்சு லத்தீனிலிருந்து பிறந்தது. 1066-இல் நார்மண்டிக் கோமகன் வில்லியம் இங்கிலாந்தை வென்றபின், அங்கே அரசவையிலும் நீதிமன்றத்திலும் பல தலைமுறைகள் பிரெஞ்சு புழங்கியது. டேபிள், ஜஸ்டிஸ் போன்ற ஆயிரக்கணக்கான சொற்கள் அவ்வழியே ஆங்கிலத்துக்கு வந்தன. அதனால் பிரெஞ்சு படிக்கத் தொடங்கும் மாணவருக்குப் பல சொற்கள் தெரிந்தவையாகவே இருக்கும், இலக்கணம்தான் புதிது.

சாதாரண வாக்கியத்தின் வரிசை இரு மொழிகளிலும் ஒன்றே: எழுவாய், வினை, பிறகு செயப்படுபொருள். ‘நான் பிரெஞ்சு பேசுகிறேன்’ என்பது பிரெஞ்சில் ‘ழெ பார்ல் பிரான்சே’. ஆங்கிலத்தில் இதை எழுதத் தெரிந்தவர் பிரெஞ்சிலும் அதே வரிசையில் எழுதலாம்.

முதல் பெரிய வேறுபாடு பெயர்ச்சொல்லின் பால். தமிழில் உயிரற்ற பொருள்கள் அஃறிணை, ஆங்கிலத்தில் ‘இட்’. பிரெஞ்சில் அஃறிணையே இல்லை. புத்தகம் ஆண்பால், ‘லெ லீவ்ர்’. மேசை பெண்பால், ‘லா தாப்ல்’. ஆங்கிலத்தின் ‘தி’ என்னும் ஒற்றை ஆர்ட்டிகிளுக்கு ஈடாக ஒருமையில் ‘லெ’, ‘லா’ என இரண்டு உள்ளன. பெயரடையும் பாலுக்கேற்ப மாறும்: பச்சைப் புத்தகம் ‘லீவ்ர் வேர்’, பச்சை மேசை ‘தாப்ல் வேர்த்’. நிறம் பெயருக்குப் பின்னால் வருவதையும் இங்கே காணலாம். பெரும்பாலான பெயரடைகள் அப்படித்தான் வரும். பெரிய, சிறிய, நல்ல, அழகான போன்ற சில மட்டும் ஆங்கிலத்தைப் போல முன்னால் நிற்கும்.

அடுத்தது வினை. ஆங்கில நிகழ்காலத்தில் ‘ஸ்பீக்’, ‘ஸ்பீக்ஸ்’ என்ற இரண்டே வடிவங்கள். பிரெஞ்சு வினை, தமிழ் வினையைப் போல, இடத்துக்கும் எண்ணுக்கும் ஏற்ப விகுதி மாறும்: ‘நூ பார்லோன்’ என்றால் நாம் பேசுகிறோம், ‘வூ பார்லே’ என்றால் நீங்கள் பேசுகிறீர்கள். ஆனால் நான், நீ, அவன், அவர்கள் ஆகியவற்றுக்குரிய வடிவங்களில் சில எழுத்தில் மாறினாலும் ஒலியில் எல்லாமே ‘பார்ல்’தான். ஆகவே, தமிழில் ‘பேசுகிறேன்’ என்று மட்டும் சொன்னால் போதும் என்பதுபோல் பிரெஞ்சில் எழுவாயை விட முடியாது.

வேறு சில இடங்களில் தமிழறிவே கைகொடுக்கும். ஆங்கிலத்தின் ‘யூ’ எல்லோருக்கும் பொது. பிரெஞ்சில் ‘த்யூ’ நீ, ‘வூ’ நீங்கள். ஆசிரியரிடம் ‘வூ’ சொல்வதே முறை. ‘ஐ ஸ்பீக்’, ‘ஐ ஆம் ஸ்பீக்கிங்’ ஆகிய இரண்டுக்கும் தமிழில் ‘பேசுகிறேன்’ போதுமானது போல, பிரெஞ்சில் ‘ழெ பார்ல்’ போதும். ‘ஆம்’ சேர்க்க முயல்வதே தொடக்க மாணவர் செய்யும் வழக்கமான பிழை. ‘அவனைப் பார்க்கிறேன்’ என்பதில் ‘அவனை’ வினைக்கு முன் வருவதுபோல, ‘ழெ லெ வுவா’ என்பதிலும் ‘அவனை’ எனப் பொருள்படும் ‘லெ’ முன்னால் வரும். வயதைச் சொல்ல ஆங்கிலம் ‘ஆம்’ என்னும் வினையைக் கையாள, பிரெஞ்சு ‘உடைமை’ வினையைக் கையாள்கிறது: ‘ழே தூஸ் ஆன்’ என்றால் எனக்கு 12 வயது.

எதிர்மறைக்கு ஆங்கிலம் ‘டு நாட்’ என்று துணைவினையை அழைக்கிறது. பிரெஞ்சு வினையின் இருபுறமும் இரு சொற்களை வைக்கிறது: ‘ழெ நெ பார்ல் பா’, நான் பேசவில்லை. அன்றாடப் பேச்சில் ‘நெ’ பெரும்பாலும் விடுபடும், எழுத்தில் விடக்கூடாது. கேள்விக்கு மூன்று வழிகள் உண்டு: வாக்கியத்தைக் குரல் உயர்த்தி முடிக்கலாம், முன்னால் ‘எஸ்-கெ’ சேர்க்கலாம், எழுவாயையும் வினையையும் இடம் மாற்றி ‘பார்லே-வூ’ எனலாம். தொடக்கத்தில் ‘எஸ்-கெ’ எளிது, ஏனெனில் அதன்பின் வாக்கிய வரிசை மாறுவதில்லை.

இவற்றிலிருந்து படிக்கும் முறையும் தெளிவாகிறது. பெயர்ச்சொல்லைத் தனியே மனப்பாடம் செய்யாமல் ‘லெ’ அல்லது ‘லா’வுடன் சேர்த்தே கற்க வேண்டும். வினையை எழுவாயுடன் வாய்விட்டுச் சொல்லியும் எழுதியும் பழக வேண்டும், ஏனெனில் காது பிரித்தறியாத விகுதிகளைக் கைதான் பழக வேண்டும். வாக்கிய வரிசைக்கு ஆங்கிலத்தையும், மரியாதைக்கும் விகுதிக்கும் தமிழையும் நினைவில் வைத்தால், பாலும் பெயருக்குப் பின் வரும் பெயரடையும் இரட்டை எதிர்மறைச் சொல்லுமே முக்கியமாகப் புதிதாகப் பயிலவேண்டியவையாக மிஞ்சும்.