வரைகலைப் பட்டமும் கல்விக் கடனும்: கையெழுத்திடுமுன் ஒரு கணக்கு

தோட்டப்புறத்துப் பிள்ளைகள் எஸ்.பி.எம். தேர்வுக்குப்பின் உயர்கல்வியை நாடிச் செல்வது பெருமகிழ்ச்சிக்குரிய செய்தியாகும். மருத்துவம், பொறியியல், ஆசிரியப்பணி ஆகியவற்றோடு வரைகலை வடிவமைப்பும் இன்று இளைஞர்தம் மனத்தைக் கவர்ந்துள்ளது. கடைப் பெயர்ப்பலகை, மாவுப் பொட்டலத்தின் உறை, நாளிதழ் விளம்பரம், கைப்பேசித் திரையில் தோன்றும் படம் ஆகியவற்றை வடிவமைத்துத் தருவதே இத்தொழிலாகும். ஓவியத்தில் கைதேர்ந்த பிள்ளைக்கு ஏற்ற துறை என்பதில் ஐயமில்லை. ஆயினும், இப்பட்டத்துக்காக வாங்கும் கடனைப் பின்னாளில் கிடைக்கும் ஊதியம் தாங்குமா என்பதைக் குடும்பத்தார் முன்கூட்டியே எண்ணிப்பார்த்தல் வேண்டும்.

இரப்பர் மறுநடவை அறிந்தோர்க்கு இக்கணக்குப் புதியதன்று. கன்று நட்ட நாள்முதல் ஐந்தாறு ஆண்டுகள் செலவு மட்டுமே உண்டு, பால் இல்லை. வெட்டத் தொடங்கிய முதலாண்டிலும் பால் குறைவே. பின்னரே மரம் செலவை மீட்டுத் தருகிறது. அதனாலன்றோ எந்த ஒட்டுக்கன்று, எந்த மண் என்று ஆராய்ந்தபின் நடுகின்றனர்? பட்டப்படிப்பையும் அவ்வாறே ஆராய்தல் தகும்.

நம் நாட்டில் கல்விக் கடன் பெரும்பாலும் தேசிய உயர்கல்வி நிதிக் கழகத்தின் வழியே கிடைக்கிறது. பி.டி.பி.டி.என். என மக்கள் அழைக்கும் இக்கழகம் 1997ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைக்கப்பெற்றது. கடனுக்கு ஆண்டொன்றுக்கு நூற்றுக்கு 1 வெள்ளி வீதம் கட்டணம் பெறும் 'உஜ்ரா' முறை 2008ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்தது. வட்டிக் கடைக்காரரிடமும் உரிமம் இல்லாதவரிடமும் வாங்கும் கடனோடு ஒப்பிட்டால் இது மிக எளிய சுமையே. எனினும், எளிய சுமையும் நெடுநாள் தூக்கினால் தோள் வலிக்கும்.

ஓர் எடுத்துக்காட்டு காண்போம். தனியார் கல்லூரியில் பட்டம் பெற ஒருவர் 40,000 வெள்ளி கடன் வாங்கியதாகக் கொள்வோம். ஆண்டுக்கு 400 வெள்ளி வீதம் 15 ஆண்டுக்குக் கட்டணம் 6,000 வெள்ளி. ஆக மொத்தம் 46,000 வெள்ளி. இதனை 180 மாதங்களில் செலுத்தினால் மாதத் தவணை ஏறத்தாழ 256 வெள்ளியாகும்.

இவர் 2,300 வெள்ளிச் சம்பளத்தில் வேலைக்கு அமர்வதாகக் கொள்வோம். பட்டமின்றி வேலைக்குச் செல்பவர்க்கும் 2025ஆம் ஆண்டில் நடப்புக்கு வந்த 1,700 வெள்ளி குறைந்தபட்சச் சம்பளம் உண்டு. ஆகவே, பட்டத்தால் வந்த மிகுதி 600 வெள்ளி மட்டுமே. ஊழியர் சேமநிதிக்கு நூற்றுக்கு 11 போக எஞ்சுவது 534 வெள்ளி. தவணையும் போனால் 278 வெள்ளி.

இன்னொரு செலவு கண்ணுக்குத் தெரியாதது. படிக்கும் நான்காண்டுகளில் சம்பாதிக்காமல் விட்ட தொகையே அது. மாதம் 1,700 வெள்ளி வீதம் 48 மாதங்களுக்கு 81,600 வெள்ளி. சேமநிதி போக ஏறத்தாழ 72,600 வெள்ளி. சம்பள வேறுபாடு என்றென்றும் 600 வெள்ளியாகவே நின்றுவிட்டால், விட்ட தொகையை ஈடுசெய்ய 18 ஆண்டுக்கு மேலாகும். மாறாக, ஐந்தாறு ஆண்டில் அவ்வேறுபாடு 1,500 வெள்ளியாக உயருமானால் பட்டம் விரைவிலேயே பலன் தந்துவிடும். ஆகவே, முதல் சம்பளத்தை மட்டுமன்றிச் சம்பளம் எவ்வாறு வளரும் என்பதையும் கேட்டறிய வேண்டும்.

வரைகலைத் துறையில் அவ்வளர்ச்சி பட்டத்தாளை மட்டும் பொறுத்ததன்று. வேலை கொடுப்போர் முதலில் கேட்பது படைப்புத் தொகுப்பையே. மேலும், 2022ஆம் ஆண்டு முதல் எழுதிக் கொடுத்த சொற்களைக் கொண்டே படம் தீட்டும் கணினிக் கருவிகள் பரவிவிட்டன. எளிய படவேலைக்கு மதிப்புக் குறைந்துவருகிறது. வணிகரின் தேவையறிந்து சிந்தித்து வடிவமைப்பவர்க்கே நிலையான இடம் உண்டு.

குறைந்த செலவில் இத்துறையுள் நுழையும் வழியும் உண்டு. அரசாங்கப் பொலிடெக்னிக்குகளில் கட்டணம் குறைவு. ஜொகூர், பாசிர் கூடாங்கிலுள்ள இப்ராகிம் சுல்தான் பொலிடெக்னிக்கில் வரைகலை டிப்ளோமா கற்பிக்கப்படுகிறது. டிப்ளோமாவுக்கு 10,000 வெள்ளி கடன் வாங்கிப் பத்தாண்டில் செலுத்தினால், மாதத் தவணை 92 வெள்ளியளவே. வேலை பார்த்துக்கொண்டே பின்னர்ப் பட்டத்துக்குப் படிக்கலாம். ஆசிரியத் துறையில் சேர விரும்புவோர்க்கும் மேற்படிப்பை நாடுவோர்க்கும் பட்டம் இன்றியமையாதது. அத்தகையோர் அரசாங்கப் பல்கலைக்கழகங்களுக்கு முதலில் விண்ணப்பித்தல் நலம்.

பெற்றோர் மிக விழிப்பாய் இருக்கவேண்டிய இடம் ஒன்றுண்டு. பிள்ளைகளின் உயர்கல்விக்காகச் சேமநிதியிலிருந்து பணம் எடுக்க வழியிருக்கிறது. 2024ஆம் ஆண்டு மே மாதத்தில் சேமநிதி மூன்று கணக்குகளாகப் பிரிக்கப்பட்டது. அவற்றுள் 'செஜாத்ரா' கணக்கிலிருந்தே கல்விச் செலவுக்கு எடுக்கலாம். ஆனால் அப்பணம் நாற்பதாண்டு பால்வெட்டி முதுமைக்கெனச் சேர்த்தது. அதனை முழுமையும் எடுத்துவிட்டால் கத்தியைக் கீழே வைத்தபின் கைகொடுக்க வேறொன்றும் இராது. கடன் பத்திரத்தில் பிணைக் கையெழுத்து இடுவோரும், பிள்ளை கட்டத் தவறினால் சுமை தம்மேல் விழும் என்பதை அறிந்தே இடவேண்டும். சிறுவயது முதலே எஸ்.எஸ்.பி.என். கணக்கில் மாதம் பத்து இருபது வெள்ளி சேமித்துவருதல் நன்று. கழகத்தில் கடன் கோருவதற்கும் அக்கணக்குத் தேவைப்படும்.

கல்லூரியில் சேருமுன் கேட்கவேண்டிய கேள்விகள் சில உள. இப்பாடத்திட்டம் மலேசியத் தகுதி முகமையின் பதிவேட்டில் உள்ளதா? கட்டணத்தோடு மடிக்கணினி, மென்பொருள், அச்சுச் செலவு, தங்குமிடம் எல்லாம் சேர்ந்து எவ்வளவு? சென்ற ஆண்டு முடித்தோருள் எத்தனை பேர் இத்துறையிலேயே வேலை பெற்றனர், என்ன சம்பளம்? தொழிற்பயிற்சிக்கு எந்நிறுவனத்துக்கு அனுப்புவர்? இவற்றுக்குத் தெளிவான விடை தராமல் வண்ணப் புத்தகத்தை மட்டும் நீட்டும் கல்லூரியில் முன்பணம் கட்ட அவசரப்பட வேண்டா.

கடன் கண்டு அஞ்சிப் பிள்ளையின் திறமையை முடக்குவதும் தவறு. பட்டம் என்ற சொல்லுக்கு மயங்கிக் கணக்குப் பாராமல் கையெழுத்திடுவதும் தவறு. பெற்றோரும் பிள்ளையும் ஓரிரவு ஒன்றாய் அமர்ந்து ஒரு தாளில் வரவையும் செலவையும் எழுதிப் பார்க்கட்டும். தவணை போக எஞ்சும் தொகையில் பிள்ளை வாழ்ந்து, வீட்டுக்கும் ஒரு சிறு தொகை அனுப்ப இயலும் என்று அத்தாள் காட்டுமாயின், துணிந்து விண்ணப்பியுங்கள்.