பேராயர் ஏ. ஜே. அப்பாசாமியின் பக்திநெறிக் கிறித்தியல்: ஒரு விளக்கம்

முன்னுரை

கிறித்து யார் என்னும் வினாவிற்குத் தொடக்ககாலத் திருச்சபை கிரேக்க மெய்யியலின் சொற்களைக் கொண்டு விடை கூறியது. யோவான் நற்செய்தி ஆளும் 'லோகோஸ்' என்னும் சொல் கிரேக்கச் சிந்தனையில் முன்பே வழங்கியதாகும். அங்ஙனமாயின், தமிழரின் சமயச் சொற்களாலும் அவ்வினாவிற்கு விடை காண இயலும் அன்றோ? இம்முயற்சியை மேற்கொண்டவருள் ஒருவர், தென்னிந்தியத் திருச்சபையின் கோயம்புத்தூர்த் திருமண்டல முதற்பேராயர் ஏ. ஜே. அப்பாசாமி ஆவார். அவர்தம் கருத்தையும் அதன் எல்லையையும் இக்கட்டுரை விளக்குகிறது.

பின்புலம்

1891இல் பாளையங்கோட்டையில் பிறந்த அப்பாசாமியின் தந்தையார் சைவத்திலிருந்து கிறித்தவம் தழுவியவர். அப்பாசாமி ஆக்சுபோர்டில் இந்து பக்தி இலக்கியத்தை யோவான் நற்செய்தியோடு ஒப்பிட்டு ஆய்ந்து, 1922இல் முனைவர் பட்டம் பெற்றார். கிறித்தவத்தைப் பக்தி மார்க்கமாக விளக்கும் அவரது ஆங்கில நூல் 1927இல் வெளிவந்தது. 1950 முதல் 1959 வரை கோவையில் பேராயராகப் பணியாற்றினார்.

இராமானுசர் வழி விளக்கம்

தாமும் தந்தையும் ஒன்றே என இயேசு கூறியதை அத்வைத நோக்கில் பொருள்கொள்வாரும் உளர். அப்பாசாமி அதனை ஏற்கவில்லை. அவ்வொருமை அன்பாலும் கீழ்ப்படிதலாலும் அமைந்தது என்பது அவர் கருத்து. இறைவனோடு ஒன்றிய நிலையிலும் உயிர் தன் தனித்தன்மையை இழப்பதில்லை என்னும் இராமானுசரின் விசிட்டாத்வைதம் அவருக்குத் துணைநின்றது. உயிர்தோறும் உள்நின்று இயக்கும் 'அந்தர்யாமி' என்னும் கருத்தைக் கொண்டு லோகோசை விளக்கினார். வீடுபேறு என்பதும் அவருக்கு இறைவனில் நிலைத்திருக்கும் அன்புறவே.

எழும் சிக்கல்கள்

வைணவத்தில் அவதாரங்கள் பல; அப்பாசாமிக்கோ கிறித்து ஒருவரே முழுமையான அவதாரம். எனவே சொல் ஒன்றாயினும் பொருள் ஒன்றன்று. இவ்வேறுபாட்டை மறைத்தால் இரு சமயங்களுக்கும் நேர்மை செய்தவராகோம். வெளிப்படக் கூறினால் அதுவே உரையாடலின் தொடக்கமாகும்.

இரண்டாவது சிக்கல் இன்னும் ஆழமானது. தமிழகக் கிறித்தவருள் பெரும்பகுதியினர் ஒடுக்கப்பட்ட சமூகங்களைச் சார்ந்தோர். கோயில் வாயிலும் வேதக்கல்வியும் மறுக்கப்பட்ட மக்களுக்கு வேதாந்தக் கலைச்சொற்கள் எவ்வாறு 'தம் பண்பாடு' ஆகும்? 1980களில் உருவான தலித் இறையியல் இவ்வினாவையே எழுப்பியது. பறையும் நாட்டார் வழக்காறும் உழைப்பாளியின் துயரமும் கிறித்துவை அறியும் வாயில்களே என அது வாதிட்டது.

முடிவுரை

மேலைநாட்டு ஆடையைக் களைந்து கிறித்துவை நோக்கலாம் என அப்பாசாமி காட்டினார். ஆனால் மாற்றாக அணிவிக்கும் ஆடை யாருடையது என்பது அடுத்த வினா. ஆழ்வார் பாசுரத்தை அறிந்த கொங்குநாட்டில் அருந்ததியர் குடியிருப்பின் பாடலும் ஒலிக்கிறது. இரண்டையும் ஒருங்கே செவிமடுக்கும் ஆய்வே அவர் தொடங்கிய பணியை நிறைவு நோக்கிக் கொண்டுசெல்லும்.