குகைக்குள்ளே தங்கம்... அள்ளினால் மண்! தெரியுமா?

குனிந்து குகைக்குள் எட்டிப் பார்க்கிறீர்கள். ஒரே இருட்டு. கண் பழகக் கொஞ்ச நேரம் ஆகிறது. திடீரென்று பாறை இடுக்கில் பச்சையும் பொன்னும் கலந்த மினுமினுப்பு! யாரோ தங்கப் பொடியைத் தூவிவிட்டுப் போன மாதிரி. தலையை ஒரு சாண் நகர்த்துங்கள்... காணோம்! பழைய இடத்துக்கு வந்தால் மறுபடி மின்னுகிறது. ஆசையாகக் கையை விட்டு அள்ளினால் உள்ளங்கையில் ஈரமண். ஆங்கிலேயர்கள் இதற்குக் 'குட்டிச்சாத்தான் தங்கம்' என்று பேர் வைத்ததில் ஆச்சரியமே இல்லை!

அது என்ன தெரியுமா? பாசி! சாட்சாத் பாசியேதான்!

குளத்தில் மிதப்பதையும் பாசி என்கிறோம், மதில்சுவரில் வெல்வெட் மாதிரிப் படர்வதையும் பாசி என்கிறோம். பேர்தான் ஒன்று, ஆள் வேறு. குளத்துக்காரனுக்குத் தண்டும் கிடையாது, இலையும் கிடையாது. சுவர்க்காரனுக்குக் குட்டியாக இரண்டும் உண்டு. நம் தங்கப்பாசி சுவர்க்காரனின் ஜாதி. அறிவியல் பேர் ஸ்கிஸ்டோஸ்டெகா பென்னாட்டா. ஜப்பானியர்கள் 'ஹிகாரிகோகே' என்கிறார்கள், ஒளிப்பாசி என்று அர்த்தம். இதன் குடும்பத்தில் இது ஒன்றே ஒன்றுதான். அண்ணன் தம்பி யாரும் இல்லை!

மின்மினி மாதிரி சொந்த வெளிச்சமா? இல்லவே இல்லை. குகை வாசலை அடைத்துவிட்டால் தங்கமும் அவுட்! விதைத்தூள் முளைத்ததும் இந்தப் பாசி மெல்லிய நூலாகப் படர்கிறது. அந்த நூலின் செல் ஒவ்வொன்றும் ஒரு குட்டி லென்ஸ். வாசல் வழியாகக் கசிந்து வரும் அற்ப வெளிச்சத்தை அது குவித்துப் பின்பக்கம் அனுப்புகிறது. அங்கேதான் பச்சையம் குவிந்து காத்திருக்கிறது. வெளிச்சம் விழும் இடம் மாறினால் பச்சையமும் பின்னாலேயே நகரும்! தின்றது போக மிச்சம், வந்த வழியே திரும்புகிறது. ராத்திரி டார்ச் அடித்தால் பூனைக் கண் மின்னுமே, அதே கதை. அதனால்தான் உங்கள் கண்ணும் வெளிச்சத்தின் பாதையில் இருந்தாக வேண்டும்.

மின்னுவது இந்த நூல் பருவம்தான். வளர்ந்த செடி மின்னுவதில்லை. உயரம் ஒன்றரை சென்டிமீட்டர் வந்தால் அதிகம். தண்டின் இரண்டு பக்கமும் இலைகள் ஒரே தளத்தில் வரிசை கட்டி நிற்பதால் பார்க்க இறகு மாதிரியே இருக்கும். இலையில் நடுநரம்பு கிடையாது. உச்சியில் குண்டூசித் தலை மாதிரி ஒரு விதைத்தூள் பை. அதன் வாயில் பல்லும் கிடையாது. இத்தனையும் பொருந்தினால் சந்தேகமே வேண்டாம், அதுதான்!

பல்லா? பாசிக்கா? ஆமாம்! பல பாசிகளின் பை வாயில் பல் வரிசை உண்டு. டெட்ராஃபிஸ் என்பதற்கு நாலே நாலு பல். நிறைய பாசிகளுக்கு 16. பாலிட்ரிகம் குடும்பத்தில் சிலவற்றுக்கு 32, சிலவற்றுக்கு 64! நிபுணர்கள் பல்லையும் எண்ணிப் பார்த்துத்தான் பேர் சொல்கிறார்கள். ஒரு கார்த்திகை மழைக்குப் பிறகு எங்கள் மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் பத்து மடங்கு லென்ஸை வைத்துப் பார்த்தேன். தொங்கும் பையின் வாயில் முடியிலும் மெல்லிய பற்கள். வாயால் 'ஹா' என்று ஊதினேன். ஈரம் பட்டதும் பற்கள் உள்பக்கமாக மடங்கிக்கொண்டன! காய்ந்ததும் மெதுவாகத் திறந்தன. கீழே காபி ஆறிப்போனதுதான் மிச்சம்.

சரி, தங்கப்பாசிக்கு வருவோம். அது எங்கே குடியிருக்கிறது? குகை, வேரோடு சாய்ந்த மரத்தின் அடிப்பள்ளம், முயல் வளை! ஐரோப்பா, வட அமெரிக்கா, ஜப்பான்... குளிர்ந்த நாடுகளில்தான். ஜப்பானில் இது முதலில் சிக்கியது 1910-ல், நாகானோ பகுதியின் இவாமுராதாவில், ஒரு பள்ளி மாணவனின் கண்ணில்! 1921-ல் அந்த இடத்தையே தேசிய இயற்கைச் சின்னமாக அறிவித்துவிட்டார்கள். இன்னொரு முகவரியைக் கேட்டால் அசந்துபோவீர்கள். டோக்கியோ மாநகரின் நட்டநடுவே, பழைய எடோ கோட்டையின் கல்மதில் இடுக்கு! அதற்கு 1972-ல் பாதுகாப்பு கிடைத்தது.

ஹொக்கைடோவின் ரௌசு ஊர்க் குகையில் மின்னும் பாசியைப் பார்த்து எழுத்தாளர் தகேதா தைஜுன் 1954-ல் 'ஹிகாரிகோகே' என்றே ஒரு கதை எழுதினார். பசியில் மனித மாமிசம் தின்றவர்களின் கழுத்துக்குப் பின்னால் பச்சை ஒளிவளையம் தெரியுமாம் அதில்! ராத்திரியில் படிக்க வேண்டாம்.

ஆள் மாறாட்டமும் பாசி உலகில் உண்டு. 1861-ல் இமயமலைச் செடி ஒன்றை 'ஈரல் செடி' என்கிற வேறு கூட்டத்தில் சேர்த்து எழுதிவைத்தார் தாவரவியலாளர் மிட்டன். 1951-ல் ஜப்பானிய மலைகளில் அதன் உறவுக்காரச் செடியைத் தாவரவியலாளர் தாகாகி கண்டெடுக்க, 1958-ல் அவர் பேராலேயே தாகாகியா ஆனது. ஆனாலும் அது என்ன இனம் என்று தெரியவில்லை! 1990-களில் அலாஸ்காவின் அலூஷியன் தீவுகளில் விதைத்தூள் பையோடு கிடைத்த பிறகுதான் பாசி என்று முடிவானது. 39 கோடி ஆண்டு பழைய வம்சம் என்றது 2023-ல் வந்த ஆய்வு. இமயமலைக்கே அவ்வளவு வயசு இல்லை!

சில பாசிகளுக்கு முகவரியே அடையாளம். செம்பு அதிகமானால் மற்ற செடிகளுக்கு விஷம். ஆனால் டோக்கியோவின் ஹொன்மொன்ஜி கோயிலில், செப்புக் கூரையிலிருந்து மழைநீர் சொட்டும் இடமாகப் பார்த்து வளர்கிறது ஒரு பாசி! பேரே ஹொன்மொன்ஜிப் பாசிதான்.

இன்னொன்று, ஸ்ப்ளாக்னம். வட துருவத்தை ஒட்டிய சதுப்புகளில், அதுவும் பெரும்பாலும் சாணத்தின் மேல் வாழ்கிறது. அதில் மஞ்சள் நிறத்தில் குட்டிக் குடை விரிக்கிற வகையும் உண்டு, பார்க்கப் பூ மாதிரி அவ்வளவு அழகு! ஆனால் வாசனை? சாண நாற்றம்! அதை நம்பி ஈக்கள் வந்து உட்கார்கின்றன. பிசுபிசுப்பான விதைத்தூள் காலில் ஒட்டிக்கொள்ள, அப்படியே அடுத்த புதுச் சாணத்துக்கு டாக்ஸி சவாரி! இந்தப் பாசி வேண்டுமென்று சதுப்பில் இறங்குகிறவர்கள் பச்சை நிறத்தைத் தேடுவதில்லை. மூஸ் மான் எங்கே சாணி போட்டிருக்கிறது என்றுதான் தேடுகிறார்கள்!