இரைச்சலில் மாட்டிய விஞ்ஞானி!

லேப்ல ரீடிங் சரியா வரலைன்னா என்ன பண்ணுவீங்க? பொய் சொல்லக் கூடாது பாஸ்! சீனியரோட அப்சர்வேஷன் நோட்டை வாங்கி, கடைசி டெசிமலை மட்டும் லேசா மாத்தி எழுதுறது நம்ம பரம்பரைப் பழக்கம். கிராஃப் வழவழன்னு வரும். கையெழுத்தும் விழும்.

இதே வேலையை ஒருத்தர் உலகத்தின் டாப் லேப்ல உட்கார்ந்து செய்தார். யான் ஹெண்ட்ரிக் ஷோன். ஜெர்மன்காரர். 1997-ல் கான்ஸ்டன்ஸ் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம். அடுத்து வேலைக்குச் சேர்ந்தது அமெரிக்காவின் பெல் லேப்ஸ். 1947-ல் டிரான்சிஸ்டர் பிறந்த அதே இடம்!

அங்கே மனுஷன் தொட்டதெல்லாம் தங்கம். 2001-ல் சராசரியாக எட்டு நாளைக்கு ஒரு ஆராய்ச்சிக் கட்டுரை அவர் பெயரில் வந்தது. (நமக்கு ஒரு செமஸ்டருக்கு ஒரு செமினார் பேப்பர் போடவே நாக்கு தள்ளுது!) மூலக்கூறு அளவிலேயே டிரான்சிஸ்டர் செய்துவிட்டேன் என்றார். 'நேச்சர்', 'சயின்ஸ்' ரெண்டு பத்திரிகையும் போட்டி போட்டு வெளியிட்டன. அடுத்த நோபல் இவருக்குத்தான் என்று பேச்சு.

ஒரே ஒரு சிக்கல். வேறு யார் செய்து பார்த்தாலும் அந்த ரிசல்ட் வரவில்லை. பல லேப்களில் பி.எச்டி. மாணவர்கள் மாசக்கணக்கில் முட்டி மோதினார்கள். 'நம்ம கைதான் சரியில்லையோ' என்று அவர்கள் தங்களையே சந்தேகப்பட்டிருப்பார்கள். எனக்கு ஷோனை விட அவர்களை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

2002-ல் குட்டு உடைந்தது. பிரின்ஸ்டனில் இருந்த லிடியா சோன் கண்ணில் ஒரு விஷயம் பட்டது. வேறு வேறு வெப்பநிலையில் செய்த ரெண்டு சோதனை. ஆனால் கிராஃபில் இருக்கும் 'நாய்ஸ்', அதாவது அந்தக் குட்டிக் குட்டி நடுக்கம், அச்சு அசலாக ஒன்று! நாய்ஸ் என்பது எலக்ட்ரான்கள் இஷ்டத்துக்கு ஆடுகிற ஆட்டம். ஒரு தடவை வந்தது மாதிரி மறு தடவை வரவே வராது. கேட்டதற்கு, 'கை தவறி ஒரே படத்தை அனுப்பிட்டேன்' என்றார் ஷோன். கார்னெல் பல்கலையின் பால் மெக்யூன் துருவியதில், அதே நடுக்கம் மூணாவது கட்டுரையிலும்!

பெல் லேப்ஸ், ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் மால்கம் பீஸ்லி தலைமையில் விசாரணைக் குழு போட்டது. ஒரிஜினல் டேட்டா எங்கே? கம்ப்யூட்டரில் இடமில்லை, அழிச்சுட்டேன். லேப் நோட்? எழுதவே இல்லை. சில கோடுகள் அளந்தவையே அல்ல, சமன்பாட்டில் இருந்து வரைந்தவை. 24 புகார்களில் 16 நிரூபணம். செப்டம்பர் 2002-ல் சீட்டு கிழிந்தது. 'சயின்ஸ்' 8, 'நேச்சர்' 7 கட்டுரைகளைத் திரும்பப் பெற்றன. 2004-ல் டாக்டர் பட்டமும் பறிபோனது. கோர்ட்டுக்குப் போய், 2014 வரை இழுத்தும் பலிக்கவில்லை.

கூடவே பெயர் போட்டுக்கொண்ட மற்றவர்கள்? குற்றமற்றவர்கள் என்று குழு விட்டுவிட்டது. அவர்கள் மோசடி செய்யவில்லைதான். ஆனால் முக்கியமான அந்தச் சோதனைகளை அவர்களில் ஒருத்தர்கூட பக்கத்தில் நின்று பார்த்ததில்லை. 'ஒரு தடவை என் முன்னாடி அளந்து காட்டு' என்று கேட்க யாருக்குமே தோணலையா? பத்திரிகைக்காகக் கட்டுரையைச் சோதிக்கிறவர்களும் தாளில் இருப்பதைத்தான் பார்க்க முடியும், லேப் கதவைத் திறந்து பார்க்க முடியாது.

இதைப் படித்த வாரம் எங்களுக்கு ஆப்-ஆம்ப் லேப். கிராஃபில் ஒரு பாயிண்ட் மட்டும் கோட்டை விட்டு எகிறி உட்கார்ந்தது. 'அழிச்சுடு மச்சி' என்றான் பக்கத்தில் இருந்தவன். ரப்பரைக் கையில் எடுத்துவிட்டு, கீழே வைத்துவிட்டேன். சார் அந்தப் புள்ளியைச் சிவப்பில் சுழித்து 'ரிப்பீட்' என்று எழுதியிருக்கிறார்.

வியாழக்கிழமை மறுபடியும் லேப்!