உஷார்! அந்தப் பச்சைப் பொத்தானை அழுத்தும் முன்...

மாதவரம், மூலக்கடை, மணலி, திருவொற்றியூர்ப் பக்கமிருந்து இன்ஜினியரிங் படிக்கப் போகும் தம்பி தங்கைகளே! "ஓப்பன் சோர்ஸில் நாலு புல் ரெக்வெஸ்ட் போடு, ரெஸ்யூமில் வெயிட் ஏறும்" என்று யாராவது உங்களிடம் சொல்லியிருந்தால் உடனே கையை வைத்துவிடாதீர்கள். புல் ரெக்வெஸ்ட் என்பது, அடுத்தவர் புராஜெக்ட்டில் நாம் செய்த மாற்றத்தைச் சேர்த்துக்கொள்ளச் சொல்லி அனுப்பும் கோரிக்கை. பிளேஸ்மென்ட் பதற்றத்தில் செய்கிற அந்தக் காரியம் உங்கள் பெயரோடு கிட்ஹப்பில் நிற்கும். வேலைக்கு எடுப்பவர் அதைத் திறந்து பார்க்கக்கூடும்.

2020 அக்டோபரில் என்ன நடந்தது தெரியுமா? ஹேக்டோபர்ஃபெஸ்ட் என்ற பெயரில், நான்கு புல் ரெக்வெஸ்ட் அனுப்பினால் டி-ஷர்ட் என்று டிஜிட்டல்ஓஷன் நிறுவனம் அறிவித்திருந்தது. பலர் ஒரு பிழையையும் திருத்தாமல், புராஜெக்ட்டை அறிமுகப்படுத்தும் ரீட்மி ஃபைலில் 'அருமையான புராஜெக்ட்' என்று ஒட்டவைத்து அனுப்பித் தள்ளினார்கள். தொடங்கி மூன்றே நாளில், அக்டோபர் 3-ஆம் தேதி, விதியையே மாற்ற வேண்டி வந்தது. விருப்பம் தெரிவித்த புராஜெக்ட்களுக்கு அனுப்பினால்தான் கணக்கு என்றார்கள்.

அதற்குப் பிறகாவது அடங்கியதா? 2024 தொடக்கத்தில் எக்ஸ்பிரஸ் ஜேஎஸ் மாட்டிக்கொண்டது. நோட் ஜேஎஸ் படிக்கிற எல்லோரும் தொடும் புராஜெக்ட் அது. புல் ரெக்வெஸ்ட் எப்படிப் போடுவது என்று காட்ட, நம் நாட்டு யூடியூப் பாடம் ஒன்று அதையே உதாரணமாக எடுத்துக்கொண்டது. பார்த்தவர்கள் அப்படியே செய்தார்கள். ஃபோர்க், பென்சில் ஐகான், ரீட்மியின் அடியில் தன் பெயர், பிறகு புல் ரெக்வெஸ்ட்டை அனுப்பும் அந்தப் பச்சைப் பொத்தான். தலைப்பு 'அப்டேட் ரீட்மி'. விளக்கம் எழுதும் இடம் காலி. அப்படி வந்த ஒவ்வொன்றுக்கும் அந்த புராஜெக்ட்டைக் கவனித்துவரும் அத்தனை பேருக்கும் நோட்டிஃபிகேஷன் போகும். சம்பளமில்லாமல் ராத்திரி கண்விழித்து மெயின்டெயின் பண்ணுகிறவர்கள் உட்கார்ந்து ஒவ்வொன்றாக மூடினார்கள். திட்டு இந்திய மாணவர்கள் எல்லோருக்கும் சேர்த்து விழுந்தது. ஒழுங்காக வேலை செய்த பிள்ளைகளுக்கும்தான். எனக்கு ஆறாத கோபம் இதில்தான்.

இப்போது ஆபத்து இன்னும் பெரிது. ஏஐ-யிடம் கேட்டு வாங்கியதைப் படிக்காமலே அனுப்புகிறார்கள். கர்ல் மென்பொருளை நடத்தும் ஸ்வீடன்காரர் டேனியல் ஸ்டென்பெர்க், பாதுகாப்புக் குறைகளைக் கண்டுபிடித்துச் சொல்பவர்களுக்கு 2019 முதல் பணப்பரிசு கொடுத்து வந்தார். ஏஐ எழுதிய பொய்ப் புகார்கள் குவிந்து, தாங்க முடியாமல் 2026 ஜனவரியோடு அதை மூடிவிட்டார். அந்தப் பரிசை உழைத்து வாங்கியிருக்கக்கூடிய மாணவருக்கும் சேர்த்துத்தான் கதவு அடைபட்டது.

இன்னொன்று. புல் ரெக்வெஸ்ட் போட்ட மறுநாளே "எப்போது மெர்ஜ் பண்ணுவீர்கள்?" என்று நச்சரிக்காதீர்கள். எக்ஸ்இசட் என்ற சின்ன மென்பொருளைத் தனியாளாகப் பார்த்துக்கொண்ட லாஸ்ஸே காலினை இப்படித்தான் முன்பின் தெரியாத கணக்குகள் நெருக்கின. கடைசியில் 'ஜியா டான்' என்ற பெயரில் உதவ வந்தவர் உள்ளே புகுந்து பின்வாசல் வைத்தார். எஸ்எஸ்ஹெச் லாகின் அரை நொடி தாமதமாவதைக் கவனித்த ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் 2024 மார்ச் 29 அன்று அதை அம்பலப்படுத்தினார். அதன் பிறகு, அவசரப்படுத்தும் புது ஆளைப் பார்த்தால் மெயின்டெயினருக்கு வயிறு கலங்காதா?

எண்ணிக்கைக்காகச் செய்வது என்ன சேதம் தரும் என்பதற்கு நம் ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். 2015 சென்னை வெள்ளத்தில் அருண் கணேஷும் தன்னார்வலர்களும், யாரும் திருத்தக்கூடிய ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்பை வைத்து, எந்தத் தெருவில் தண்ணீர் நிற்கிறது என்று மக்களே குறிக்கும் வரைபடத்தைக் கட்டினார்கள். அன்று எண்ணிக்கை ஏற்றுவதற்காக யாராவது கண்ட தெருவையும் குறித்திருந்தால், அதை நம்பி வண்டியைத் திருப்பியவர் கதி என்ன?

பெயர் சேர்த்துப் பழகவேண்டுமானால், அதற்கென்றே 'ஃபர்ஸ்ட் கான்ட்ரிபியூஷன்ஸ்' என்ற புராஜெக்ட் இருக்கிறது, அங்கே போங்கள். நிஜமான புராஜெக்ட் என்றால் 'கான்ட்ரிபியூட்டிங்' ஃபைலை முழுதாகப் படியுங்கள். அந்த மென்பொருளை உங்கள் கம்ப்யூட்டரில் ஓட்டிப் பாருங்கள். உங்களைத் தொல்லைப்படுத்திய பிழை ஏதாவது உண்டா? அதே புகார் ஏற்கெனவே வந்திருக்கிறதா என்று பழைய இஷ்யூக்களில் தேடுங்கள். இல்லையென்றால், எந்த வெர்ஷன், எதை அழுத்தினால் வருகிறது, என்ன எர்ரர் என்று எழுதுங்கள். அந்த நாலு வரிக்கு மெயின்டெயினர் கையெடுத்துக் கும்பிடுவார். ஏஐ உதவியிருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். ஒவ்வொரு வரியும் ஏன் அங்கே இருக்கிறது என்று கேட்டால் பதில் சொல்ல முடியாத நிரலை அனுப்பவே அனுப்பாதீர்கள். மாதவரம் மெட்ரோ வேலையால் பாதை மாறியிருக்கிறதா? நேரில் பார்த்துவிட்டு ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்பில் திருத்துங்கள். அதுவும் முழுமையான பங்களிப்புதான். கூகுள் மேப்ஸைப் பார்த்து மட்டும் காப்பியடிக்காதீர்கள். உரிமப்படி அது கூடாது.

ஏற்கெனவே ஒரு வெற்று புல் ரெக்வெஸ்ட் போட்டுவிட்டீர்களா? இன்று ராத்திரிக்குள் நீங்களே திறந்து, "மன்னிக்கவும், பயிற்சிக்காகத் தவறுதலாக அனுப்பிவிட்டேன்" என்று ஒரு வரி எழுதி மூடிவிடுங்கள். அவர்கள் மூடும்வரை காத்திருக்காதீர்கள்.