பார்பரா சன்சோனி

பார்பரா சன்சோனி (1928–2022) இலங்கையைச் சேர்ந்த ஓவியர், கைத்தறித் துணி வடிவமைப்பாளர், எழுத்தாளர். ஓவியம் கற்று, பின்னர் தறிக்கான வண்ண வடிவமைப்புக்கு வந்தவர். கொழும்பில் இயங்கும் 'பேர்புட்' கைத்தறி நிறுவனத்தை நிறுவியவர். இப்பெயருக்கு 'வெறுங்கால்' என்பது பொருள்.

இளமையும் கல்வியும்

கண்டியில் பறங்கியர் குடும்பத்தில் பிறந்தார். கொடைக்கானல் பிரசன்டேஷன் கான்வென்ட்டில் பள்ளிக்கல்வி பெற்றார். லண்டனில் ரீஜன்ட் தெரு பாலிடெக்னிக், செல்சீ கலைப்பள்ளி ஆகியவற்றில் ஓவியம் பயின்றார்.

தறிக்கு வந்த வழி

இலங்கையில் நல்லாயன் சபைக் கன்னியர், வருமானமற்ற பெண்களுக்கு நெசவுத் தொழிலைக் கற்றுக்கொடுத்து வந்தனர். அத்துணிகளை வடிவமைத்துத் தருமாறு சன்சோனியைக் கேட்டனர். தொழில் கற்றால் மட்டும் போதாது. நெய்த துணி விற்றால்தான் அப்பெண்களுக்குக் கூலி கிடைக்கும். இரக்கத்துக்காக ஒருமுறை வாங்குபவர் மறுமுறை வரமாட்டார். துணி தன் அழகாலேயே விற்க வேண்டியிருந்தது. அதற்கு ஓவியரின் கண் தேவைப்பட்டது.

வண்ணமும் நெசவும்

ஓவியர் தூரிகையை எத்திசையிலும் இழுக்கலாம். சாதாரணத் தறியில் நீளவாக்கில் பாவு, குறுக்கே ஊடை என இரண்டே திசைகள் உண்டு. எனவே பட்டைகளும் கட்டங்களுமே எளிதில் அமையும். ஆனால் சிவப்புப் பாவில் மஞ்சள் ஊடை ஓடினால், சற்றுத் தள்ளி நின்று பார்ப்பவருக்கு அது செம்மஞ்சளாகத் தோன்றும். ஓவியர் தட்டில் குழைக்கும் வண்ணத்தை இங்கே நூல்களே கலந்து தருகின்றன. சன்சோனியின் துணிகள் இத்தகைய துணிச்சலான வண்ணச் சேர்க்கைகளால் பெயர் பெற்றன. இலங்கையின் இயற்கைக் காட்சிகளிலிருந்து அவர் வண்ணங்களை எடுத்துக்கொண்டார்.

நிறுவனமும் பிற பணிகளும்

1964இல் பேர்புட் தொடங்கப்பட்டது. சேலை, சரம், ஆயத்த உடைகள், வீட்டுத் துணிகள், துணிப் பொம்மைகள் எனப் பொருள்கள் பெருகின. கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா வடிவமைத்த பென்டோட்டா கடற்கரை விடுதியில் இவருடைய கைத்தறித் துணிகள் இடம்பெற்றன. அதே விடுதியின் உட்கூரையை ஏனா டி சில்வாவின் பாத்திக் துணிகள் அணிசெய்தன.

சன்சோனி ஓவியத்தைக் கைவிடவில்லை. இலங்கையின் பழைய கட்டடங்களைக் கோட்டோவியங்களாக வரைந்து பதிவு செய்தார். ரொனால்ட் லூகாக், லக்கி சேனநாயக்க ஆகியோருடன் இணைந்து இலங்கைக் கட்டடக்கலை பற்றிய நூலையும் வெளியிட்டார்.

சிறப்பு

விலை மலிவில் ஆலைத் துணியோடு கைத்தறி போட்டியிட முடியாது. நெசவாளரின் கைத்திறனும் ஓவியரின் வண்ண அறிவும் சேர்ந்தால் கைத்தறிக்குத் தனிச் சந்தை உண்டு என்பதற்குச் சன்சோனியின் பணி சான்றாகும்.