நாடு கடந்ததால் தப்பிய சிற்பங்கள்

நகத்தால் கீறினாலே கோடு விழும் வெள்ளைக் கல் அலபாஸ்டர். இங்கிலாந்தின் செல்லஸ்டன் சுரங்கக் கல்லில் 14, 15ஆம் நூற்றாண்டுச் சிற்பிகள் ஏசுவின் பாடுகளைப் பலகை பலகையாகச் செதுக்கினார்கள். வண்ணம் தீட்டி, பொன் பூசி, மரச்சட்டத்தில் பொருத்தினார்கள். தட்டில் வைத்த யோவானின் தலைக்கு வீடுகளிலும் கிராக்கி இருந்தது.

1550இல் வந்தது வினை. சர்ச்சுகளிலிருந்த திருவுருவங்களை உடைக்கச் சொன்ன சட்டம், அலபாஸ்டரைப் பெயர் சொல்லியே குறிப்பிட்டது. பிழைத்தவற்றில் பல, ஏற்கனவே கப்பலேறிப் பிரான்ஸ், ஸ்பெயின், ஐஸ்லாந்து போய்ச் சேர்ந்தவை. வைட் தீவுப் பாதிரியார் ஜான் குட்இயர் 1456இல் ஸ்பெயினின் சாந்தியாகோ பேராலயத்துக்குக் காணிக்கையாகக் கொடுத்த, யாகப்பரின் கதை சொல்லும் பலகைகள் இன்றும் அங்கேதான் இருக்கின்றன.

இங்கிலாந்தின் கதையோ வேறு. லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் மியூசியத்திலுள்ள 200க்கும் மேற்பட்ட துண்டுகள், ஹில்ட்பர்க் என்ற அமெரிக்கர் தேடிச் சேர்த்து 1946இல் கொடுத்தவை.